இரண்டு எட்டு இந்தப் பக்கம்

அவளிடம் படம் எடுத்துக்கொண்ட யாரும் நின்ற இடத்திலேயே நின்று எடுத்துக்கொண்டதில்லை. "ரெண்டு எட்டு இந்தப் பக்கம் வாங்க" என்பாள். வந்து நின்றால் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு எட்டு" என்பாள். பிள்ளையை இடுப்பில் வைத்திருப்பவளாக இருந்தாலும் சரி, கால் வீங்கிய பெரியவராக இருந்தாலும் சரி, நகரத்தான் வேண்டும். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அவள் பெயரைச் சொல்வதைவிட இந்தப் பேச்சைச் சொன்னால்தான் ஆள் சட்டென்று விளங்கும். அவள் பெயரை நான் ஒருமுறை சொல்லாமல் விட்டேன். அதனால் இங்கேயும் எழுதவில்லை.

எங்களுடையது ஆறு காம்பரா லயம். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக ஆறு வீடுகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் அறை, அதற்கு முன்னால் திண்ணை மாதிரிக் கொஞ்சம் இஸ்தோப்பு. அவள் இரண்டாம் காம்பராவில் அக்கா வீட்டோடு இருந்தாள். நாங்கள் ஆறாவது. அண்ணனுக்குக் கல்யாணமானபோது அப்பா கடைசிச் சுவரோடு சேர்த்துத் தகரம் அடித்து ஓர் அறை இறக்கினார். எங்கேயோ உடைத்த கட்டடத்திலிருந்து ஒரு நீலக் கதவைத் தோளில் சுமந்து வந்து அதற்கு மாட்டினார். அப்பா போன பிறகு ஆறாம் காம்பரா அண்ணன் குடும்பத்துக்கு, தகர அறை எனக்கும் அம்மாவுக்கும் என்று ஆயிற்று. என் தையல் மெஷின் அந்த நீலக் கதவுக்குப் பக்கத்தில் இருந்தது. அவளுக்கும் எனக்கும் ஒரே வயது. மலை ஊற்று விழுகிற ஒரே பீலியில் தண்ணீர் பிடித்து, ஒரே பாடசாலைக்கு ஒரே குடையில் போனவர்கள். குடை அவளுடையது என்பதால் நனைந்தது எப்போதும் என் தோள்தான்.

முன்பு தோட்டத்துத் துரை இருந்த பங்களா இப்போது வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்கும் ஹோட்டல். அவள் அங்கே அறைகள் துப்புரவு செய்யப் போனாள். ஒருநாள் ஊர் திரும்பிய ஒரு வெள்ளைக்காரப் பெண் தன் கேமராவை இவள் கையிலேயே கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். இளம்பச்சை நிறத்தில், பெரிய சோப்புப் பெட்டி அளவில், பார்க்க விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கும். பொத்தானை அமத்தினால் உர்ரென்று சத்தம் போட்டுத் தலை வழியாகவே படத்தை நீட்டும். உள்ளங்கையில் அடங்குகிற, சுற்றிலும் வெள்ளை ஓரம் விட்ட படம். முதலில் வெறும் பால் நிறமாக இருந்து, மெல்ல மெல்ல மூக்கும் முழியும் வரும். லயமே கூடி நின்று அதைப் பார்த்தது. என் அம்மா, "இது என்னாடி, பேய் வர்ற மாதிரி வருது" என்று நாலடி பின்னால் போனாள்.

அதற்கான ஃபிலிம் இங்கே எங்கும் கிடையாது. ஹட்டனில் போன் கடை வைத்திருந்த நானா கொழும்புக்குச் சாமான் எடுக்கப் போகும்போது ஒரு பெட்டி வாங்கி வருவார். ஒரு பெட்டியில் பத்துப் படம். அந்தப் பத்தை அவள் மாதக்கணக்கில் வைத்துச் செலவழித்தாள். ஒருவருக்கு ஒன்றுதான். கண்ணை மூடிவிட்டாலும் அதுதான், தும்மினாலும் அதுதான். அதனால்தான் அதே நானாவிடம் கைமாறி வந்த ஒரு சின்ன வெள்ளி நிற டிஜிட்டல் கேமராவையும் வாங்கினாள். அது ஒத்திகைக்கு. முதலில் ஆள் நின்ற இடத்திலேயே சின்னதில் ஒன்று எடுப்பாள். எடுத்ததை அதன் குட்டித் திரையில் பார்ப்பாள். "ரெண்டு எட்டு இந்தப் பக்கம்" என்பாள். மறுபடி சின்னதில் ஒன்று. மனசுக்குப் பிடித்த பிறகுதான் பச்சைப் பெட்டியைக் கையில் எடுப்பாள். எடுக்கும்போது நாக்கு நுனியைப் பல்லுக்கிடையில் கடித்துக்கொள்வாள். "யாரும் மூச்சு விடாதீங்க" என்று அவள் சொன்னால் நாய்கூட அசையாது.

எங்கள் பக்கத்துக் குளிருக்கு அந்தப் படம் சரியாக வராது. நீலம் பாய்ந்து வெளுத்துப்போகும். அதை அவள் தானாகவே கண்டுபிடித்தாள். படம் வெளியே வந்ததும் ஸ்வெட்டருக்குள் விட்டு வயிற்றோடு அணைத்துக்கொண்டு நிற்பாள். படத்துக்குரியவர்கள் சுற்றி நின்று அவள் வயிற்றையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். "அடைகாக்குறா" என்று கேலி செய்வோம். அவள் சிரிக்க மாட்டாள். நேரம் பார்த்து வெளியே எடுத்து, ஒரு பார்வை பார்த்துவிட்டு, வெள்ளை ஓரத்தில் பேனாவால் 'ஹட்டன்' என்று எழுதிக் கொடுப்பாள். நாங்கள் இருந்த இடம் ஹட்டனிலிருந்து பஸ்ஸில் போய், பிறகு ஒரு மலை ஏறி இறங்கி நடக்க வேண்டிய இடம். "ஏன் புள்ள, நம்ம டிவிஷன் பேரு எழுதுனா என்னா?" என்று கேட்டேன். "அதெல்லாம் யாருக்குத் தெரியப்போவுது?" என்றாள்.

இரண்டு எட்டு நகர்த்துவது எதற்கென்று எனக்கு ஆரம்பத்தில் விளங்கவில்லை. வெளிச்சத்துக்கு என்று நினைத்தேன். பிறகுதான் அவள் எடுத்த படங்களைப் பார்த்துப் பார்த்துப் பிடிபட்டது. தேயிலை இருக்கும். மலை இருக்கும். பனி இருக்கும். கோயில் கோபுரம், பங்களாத் தோட்டத்துப் பூ, தூரத்து அருவி எல்லாம் இருக்கும். லயம் இருக்காது. லயத்தின் வாசலிலேயே நின்று எடுத்த படத்தில்கூட லயம் இருக்காது. ஒரு தகர நுனி, ஒரு புகைக்கரி, ஒரு கொடிக்கயிறு விழாது. அப்படி விழாமல் எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று அங்கே குடியிருந்தவர்களுக்குத்தான் தெரியும். திரும்பிய பக்கமெல்லாம் லயம்தானே.

"பங்களாவுக்கு வர்றவங்க அவங்க எடுத்த படத்தக் காட்டுவாங்க புள்ள" என்று ஒருநாள் சொன்னாள். "எவ்வளவு அழகு தெரியுமா? கொழுந்து எடுக்குற ஆளுங்க இருக்காங்க. கூடை இருக்கு. ரோடு இருக்கு. நம்ம லயம் மட்டும் ஒண்ணுலயும் இல்ல. அப்பதான் நெனச்சேன், அவங்க பாக்குற மாதிரி பாத்தா நம்ம எடம் எவ்வளவு நல்லாருக்கு."

அவள் அதைச் சந்தோஷமாகச் சொன்னாள். எனக்கு அப்போது கோபம் வரவில்லை. இப்போது வருகிறது.

அவளுக்கும் ஒரு காரணம் இருந்தது, அதைச் சொல்லாமல் விட்டால் நான் நியாயம் கெட்டவள். கேமரா கைக்கு வருவதற்கு முன்னால் அவளுக்கு ஒரு சம்பந்தம் பேசினார்கள். அக்கா தன் போனில் அவளைப் படம் எடுத்து அனுப்பினாள். பட்டுச் சேலை, தலை நிறையப் பூ, பின்னால் பீலிக்கரையும் வரிசையில் வைத்த பிளாஸ்டிக் வாளிகளும். மாப்பிள்ளை வீட்டார் டவுன் ஆட்கள். "பொண்ணு லட்சணமா இருக்கு, ஆனா லயத்துல எடுக்க மாட்டோம்" என்று சொல்லி அனுப்பினார்கள். மாப்பிள்ளையைப் பெற்றவளே எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் கூடை தூக்கியவள்தான். இவள் அழவில்லை. அந்த வாளிகளை எடுத்துக்கொண்டு பீலிக்குப் போய் ஒவ்வொன்றாகத் தேய்த்துக் கழுவினாள். எல்லாருடைய வாளிகளையும்.

அதற்குப் பிறகு எங்கள் தோட்டத்தில் எந்தப் பெண்ணுக்குப் பேச்சு வந்தாலும் படம் எடுப்பது அவள்தான். அவள் எடுத்தால் கறுத்தவள் களையாவாள், ஒல்லியானவள் நிமிர்ந்து நிற்பாள். அது நிஜம். எனக்கும் எடுத்தாள். என்னைப் பங்களா வாசலுக்குக் கூட்டிப் போய், ஊதாப் பூக்கள் குலைகுலையாகப் பூத்த செடிக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். காவல்காரர் பார்க்காத நேரமாகப் பார்த்து அமத்தினாள். வயிற்றில் வைத்துச் சூடாக்கி எடுத்துக் கொடுத்தபோது, அந்தப் படத்தில் நின்ற என்னைப் பார்க்க எனக்கே ஆசையாக இருந்தது.

படத்தைப் பார்த்து வலப்பனையிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் சின்னம்மா, இஸ்தோப்பில் போட்ட பாயில் உட்காராமல் நின்றபடியே நாலா பக்கமும் பார்த்தாள்.

"அந்தப் பூச்செடி எங்கம்மா?" என்று கேட்டாள்.

என் அம்மா தேத்தண்ணியை நீட்டினாள். நீலக் கதவுக்குள் எட்டிப் பார்த்த அந்த அம்மாளின் முகத்தை நான் இன்றைக்கும் வரையச் சொன்னால் வரைவேன். தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அன்றைக்கு வேலை முடிந்து வந்தவளிடம், "உன் படத்தால வந்த வினைய பாத்தியா?" என்று கத்தினேன்.

"படத்துல ஒரு கொறையும் இல்லையே புள்ள. அவங்கள வீட்டுக்கு வரச் சொன்னதுதான் தப்பு. கோயில்ல வச்சுப் பொண்ணு காட்டியிருக்கணும்" என்றாள்.

இப்படி ஒருத்தியோடு எப்படிச் சண்டை போடுவது? சிரித்துவிட்டேன். இரண்டு பேரும் சிரித்தோம். அவளோடு இருந்தால் அப்படித்தான். விடுமுறை கிடைக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு கேமராவையும் ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு என்னையும் இழுத்துக்கொண்டு கிளம்புவாள். நோட்டன் பிரிட்ஜ் அணைக்கட்டுக்குப் போய் ஒரு பகல் முழுக்க இருந்து ஒரே ஒரு படத்தோடு திரும்பி வந்திருக்கிறோம். பனி கலையட்டும் என்பாள். கலைந்தால், மறுபடி கொஞ்சம் வரட்டும் என்பாள். எனக்குப் பசி உயிர் போகும். கடைசியில் எடுத்து வயிற்றில் வைத்துக்கொண்டு கண்ணை மூடி நிற்பாள் பாருங்கள், அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தை வேறு எவர் முகத்திலும் நான் கண்டதில்லை. அதைப் பார்க்கத்தான் நானும் பசியோடு போனேன்.

சாயங்காலங்களில் என் நீலக் கதவு நிலைப்படியில் வந்து உட்கார்ந்து, சின்னக் கேமராவில் அன்றைய ஒத்திகைப் படங்களை அழிப்பாள். ஒவ்வொன்றாக டிக், டிக் என்று சத்தம் கேட்கும். நான் தைத்துக்கொண்டிருப்பேன். ஆட்கள் நகர்வதற்கு முன்னால் எடுத்த படங்கள் அவை. அதனால் அவற்றில் எல்லாம் இருக்கும், லயம், வாளி, கோழி, காயப்போட்ட பாவாடை. "இருக்கட்டுமே, எடத்த அடைக்கவா செய்யுது?" என்று கேட்டேன். "லயம் தெரியுற படத்த வச்சுக்கிட்டு என்னா செய்யுறது?" என்றாள்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை தலைக்கு வார்த்துவிட்டு, என் நிலைப்படியில் உட்கார்ந்து சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். சின்னக் கேமரா என் மெஷின் மேல் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு மெல்ல வாசலுக்கு இறங்கி, அவளைக் கேட்காமலே ஒன்று அமத்திவிட்டேன். ஈர முடி தோளில் வழிய, கையில் சீப்போடு, வாயைப் பிளந்து என்னைத் திட்டத் தொடங்குகிற நொடி. அவளைச் சுற்றி எங்கள் லயம். அழி, அழி என்று கேமராவைப் பிடுங்கிக்கொண்டாள். டிக் என்று சத்தம் கேட்டதாகத்தான் எனக்கு ஞாபகம்.

பங்களாவுக்கு வேன் ஓட்டி வந்த ஒருவருக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. நுவரெலியா டவுனில் சொந்த வீடு. கல்யாணத்தை ஹட்டன் கோயிலில் வைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் எங்கள் லயத்துப் பக்கம் வரவே இல்லை. ஊர் எது என்று கேட்டால் டிக்கோயா என்று சொல்லச் சொல்லி எங்கள் எல்லாருக்கும் முன்கூட்டியே சொல்லியிருந்தாள். நாங்களும் சொன்னோம். அவளுடைய அக்கா குடும்பமும் கொஞ்ச நாளில் கொழும்புக்குப் போய்விட்டது. இரண்டாம் காம்பராவுக்கு வேறு ஆட்கள் வந்தார்கள்.

பிறகு அந்த மழை வந்தது. மூன்று நாள் விடாமல் பெய்தது. லயத்துக்கு மேலே மண் வெடித்திருக்கிறது என்று சொல்லி எல்லாரையும் பாடசாலைக்கு ஏற்றினார்கள். அம்மா அடையாள அட்டைகளையும், சுவரில் ஒட்டியிருந்த அவள் எடுத்த படங்களையும் மட்டும் ஒரு பையில் போட்டுக்கொண்டாள். மறுநாள் விடிந்து பார்த்தால் லயம் இருந்த இடத்தில் சிவப்பு மண். ஆறு காம்பராவும், எங்கள் தகர அறையும், மெஷினும், நீலக் கதவும் கீழே ஓடையோடு போய்விட்டன. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்காகச் சாமிக்கு நன்றி சொல்லிவிட்டு வரிசையில் நின்றோம்.

வீடு போனவர்களுக்கு வேறு இடத்தில் ஒரு துண்டுக் காணி என்றார்கள். பதிவெடுக்க வந்த அதிகாரி ஒரு சிங்களவர், மரியாதையான மனுசன். அவர் கையிலிருந்த தோட்டத்துப் பட்டியலில் ஆறு காம்பரா, ஆறு குடும்பம். ஏழாவதாக நாங்கள் போய் நின்றோம். அப்படி ஓர் அறை கட்ட அனுமதியே கொடுக்கவில்லை, அதனால் அப்படி ஓர் அறை கிடையாது என்று தோட்டத்து ஆபீசில் சொல்லிவிட்டார்கள். வாக்காளர் பட்டியலிலும் நாங்கள் அண்ணனோடு சேர்ந்து ஆறாம் காம்பராதான். லயத்து ஆட்கள் எல்லாரும் எங்களுக்காகச் சொன்னார்கள். ஒரே லயத்து ஆட்கள் ஒருவருக்கொருவர் சொல்வதை அவர் எழுத முடியாதாம். காணி கிடைக்காவிட்டால் நானும் அம்மாவும் எங்கே போவது என்று சிங்களத்தில் கேட்டேன். அவர் பேனாவை மூடிவிட்டு, "போட்டோ எகக்வத் நெத்த?" என்றார்.

ஒரு படம்கூட இல்லையா என்றுதான் கேட்டார். எங்களிடமா இல்லை? அம்மா பையைக் கவிழ்த்தாள். மற்றவர்களும் கொண்டுவந்தார்கள். நாலாம் வகுப்பு மேசைகள் இரண்டைச் சேர்த்துப் போட்டு அத்தனை படங்களையும் பரப்பினோம். கல்யாணப் பெண்கள், மொட்டை போட்ட பிள்ளைகள், காலையில் பெரட்டுக்கு ஆள் கணக்குக் கொடுக்கப் போகும் வழியில் சிரித்துக்கொண்டு நிற்கும் பெண்கள். எல்லாருக்கும் பின்னால் தேயிலை, பனி, பூ. எல்லாவற்றிலும் 'ஹட்டன்'. அதிகாரி ஒவ்வொன்றாகப் பார்த்தார். கெட்டிக்காரத்தனமாக எடுத்திருக்கிறார்கள் என்று மெச்சினார். இந்த ஆட்கள் எங்கே குடியிருந்தார்கள் என்று அந்தப் படங்களைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

என் போனையும் தேடினேன். அம்மாவை நான் எடுத்த படங்கள் எத்தனையோ இருந்தன. அவற்றிலும் லயம் இல்லை. அவள் நகர்த்தியதுபோலவே நானும் அம்மாவை நகர்த்தித்தான் எடுத்திருந்தேன். அவளை மட்டும் திட்டிப் பயனில்லை என்று அன்றைக்கே தெரிந்தது. ஆனாலும் திட்டினேன்.

ஒத்திகைப் படம் ஒன்றாவது அழியாமல் கிடக்குமோ என்ற நப்பாசையில் நுவரெலியாவுக்குப் பஸ் ஏறினேன். வீடு நல்ல வீடுதான். ஹாலில் நூல் கட்டி, சின்னச் சின்னக் கிளிப் போட்டு அவளுடைய படங்களைத் தொங்கவிட்டிருந்தாள். அவள் மாமியார், "நீங்களும் டிக்கோயாங்களா?" என்று கேட்டார். "ஆமாங்க" என்றேன். அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்ததைக் கேட்டுப் பொய்யை வாங்கி வைத்துக்கொள்வது அந்த வீட்டு வழக்கம்போல.

அவள் என்னை அறைக்குள் கூட்டிப் போய்க் கதவைச் சாத்தினாள். விஷயத்தைச் சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பொய்யழுகை இல்லை. லயம் போனதற்கு எங்களில் யாரும் அப்படி அழவில்லை.

"எல்லாத்தையும் அன்னன்னைக்கே அழிச்சிட்டேனே புள்ள" என்றாள். பிறகு அலமாரியில் சேலைகளுக்கு அடியிலிருந்து சின்னக் கேமராவை எடுத்தாள். "ஒண்ணே ஒண்ணு இருக்கு. நீ எடுத்தது."

அவளே வைத்திருந்திருக்கிறாள். ஈர முடி, சீப்பு, பிளந்த வாய். இடது பக்கம் வெள்ளைச் சுண்ணாம்பில் 6 என்று எழுதிய லயத்துச் சுவர். வலது பக்கம் அப்பா அடித்த தகரமும் நீலக் கதவும். சுவரும் தகரமும் சேருகிற இடத்தில் நிலைப்படியில் அவள். இதைவிட வேறு என்ன அத்தாட்சி வேண்டும்?

"அழிக்கச் சொல்லிக் கத்துனியே?"

"கத்துனேன். அன்னைக்கி சாயங்காலம் பாத்தேன். இதுல மட்டுந்தான் நான் நான் மாதிரி இருக்கேன்" என்றாள்.

கதவுக்கு வெளியே மாமியாரின் செருப்புச் சத்தம் கேட்டதும் கேமராவை அணைத்துச் சேலைக்குள் செருகிவிட்டாள். நாளைக்கே கடையில் கொடுத்துப் படமாக எடுத்து, ஹட்டன் பஸ் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்புவதாகச் சத்தியம் செய்தாள். அந்தக் குட்டித் திரையை என் போனால் ஒரு படம் பிடித்திருந்தால் போதும். எனக்குத் தோன்றவில்லை. அவள் சொன்னால் செய்வாள் என்று நம்பினேன். அவளும் செய்தாள்.

கண்டக்டர் கொடுத்த கவரை பஸ் ஸ்டாண்டிலேயே நின்று பிரித்தேன். நல்ல கனத்த பேப்பரில் பளபளவென்று படம். பாதி நீலக் கதவு. கொஞ்சம் தகரம். ஓரத்தில் சீப்புப் பிடித்த ஒரு கையும், ஈர முடியின் நுனியும். அவ்வளவுதான். தன்னை வெட்டி எடுத்திருந்தாள். அவளோடு சேர்ந்து அந்தப் பக்கம் இருந்த 6 போட்ட சுவரும், முழு லயமும் போய்விட்டன.

போன் பண்ணினேன். தாழ்ந்த குரலில் பேசினாள்.

"கதவு தெரியுதுல்ல? அது போதும்ல?"

"நீயில்லாம எப்புடிடி தெரியும் அது லயத்தோட ஒட்டுன ரூமுன்னு?"

"கடைக்காரருக்கு எங்க வீட்டுக்காரர நல்லா தெரியும் புள்ள. எப்புடிக் குடுப்பேன்? நானே கம்ப்யூட்டர்ல வெட்டித்தான் குடுத்தேன்."

"மூஞ்ச மட்டும் மறைச்சிருக்கலாமே?"

"மறைச்சுப் பாத்தேன். படம் அசிங்கமா இருந்துச்சு" என்றாள்.

"முழுப் படம்?"

"அழிச்சிட்டேன்."

அந்த 'அசிங்கமா'வை என்னால் விழுங்க முடியவில்லை. பயந்தாள், சரி. புருசன், மாமியார், வீடு, எல்லாம் சரி. எனக்கும் அம்மாவுக்கும் தலைக்கு மேலே கூரை இல்லாத நேரத்தில் அவளுக்குப் படம் அசிங்கமாக இருந்திருக்கிறது.

இருந்ததை எடுத்துக்கொண்டு அம்மாவோடு அதிகாரியிடம் போனேன். அவர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இது எங்கே வேண்டுமானாலும் இருக்கக்கூடிய கதவு என்றார். பிறகு ஓரத்தில் இருந்த கையில் விரலை வைத்து, "மே கவுத?" என்றார். இது யார்? காணி கேட்காத, வேறு ஊரில் இருக்கிற ஆளாக இருந்தால் நல்லது, இந்த இடத்தில் நான்தான் உட்கார்ந்திருந்தேன் என்று வந்து கையெழுத்து வைத்தால் போதும், எழுதிக்கொள்கிறேன் என்றார். அவ்வளவு சுலபமாக ஒரு வழி கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

அம்மா அவள் பெயரைச் சொல்ல வாயெடுத்தாள். நான் அம்மாவின் கையை அழுத்தினேன்.

"தெரியாது மாத்தயா" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் அம்மா கேட்கிறாள். அவள் வர மாட்டாள், வந்து நிற்கச் சொல்லிக் கெஞ்ச என்னால் முடியாது என்பது ஒன்று. வந்தால் அவள் வீட்டில் என்ன ஆகுமோ என்ற பயம் இன்னொன்று. இரண்டில் எது பெரியது என்று எனக்கே தெரியவில்லை. அதிகாரி படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். ஆறு குடும்பத்துக்குக் காணி கிடைத்தது. எங்களுக்கு இல்லை.

அவளை மன்னித்துவிட்டேனா என்று கேட்டால், இல்லை. அவளும் அதன்பிறகு கூப்பிடவில்லை. எப்போதாவது போனில் அவள் போடும் படங்களைப் பார்ப்பேன். ஏரி, பூங்கா, பனி விழுந்த புல், மகள். நன்றாகத்தான் எடுக்கிறாள். எனக்குப் படத்தைப் பார்க்கத் தோன்றுவதில்லை. எதை ஒதுக்கிவிட்டு எடுத்தாள் என்று ஓரங்களைத்தான் பார்க்கிறேன்.

டிக்கோயாவில் ஒரு கடைக்குப் பின்னால் வாடகைக்கு ஓர் அறை கிடைத்தது. பொய்யாகச் சொன்ன ஊருக்கே கடைசியில் குடிவந்துவிட்டேன். வந்த அன்றைக்கு முதல் வேலையாக, சாமான்களை இறக்குவதற்கு முன்னாலேயே போனை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். கதவு, கதவு மேல் இருந்த இலக்கம், வெடித்த சுவர், குழாய், பக்கத்தில் ஓடிய சாக்கடை, எல்லாம் விழும்படி தள்ளி நின்று, "அம்மா, வாசல்ல வந்து நில்லு" என்றேன்.

அம்மா வந்தாள். முந்தானையைச் சரிசெய்தாள். குழாயைப் பார்த்தாள், சாக்கடையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு, யாரும் சொல்லாமலே, இரண்டு எட்டு இந்தப் பக்கம் வந்து நின்றாள்.